ஏன் வந்துச்சு என்று கேட்டவர்

ஒரு கம்ப்யூட்டர் தானாகச் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். கெட்டுப்போனதற்காக அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆனால் காலையில் இருண்டு கிடந்த திரை மத்தியானம் யாரும் தொடாமலே எரியத் தொடங்கியது என்றால், நாங்களெல்லாம் அப்பாடா என்று மூச்சுவிடும் நேரத்தில் அவர் மட்டும் புருவத்தைச் சுருக்குவார்.

"ஏன் வந்துச்சு?" என்பார்.

"ஏன் போச்சு?" என்று கேட்பவர்கள் ஊரெல்லாம் உண்டு. "ஏன் வந்துச்சு?" என்று கேட்ட ஆள் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஒரே கடையில் வேலை பார்த்தோம். சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு கடைத்தொகுதியின் இரண்டாம் மாடி. உதிரி பாகங்களை வாங்கி, பெட்டிக்குள் பூட்டி, கம்ப்யூட்டர் என்று விற்போம். விற்றதைப் பழுதும் பார்ப்போம். முதலாளி சீனர்; தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். முன்னால் கவுன்டரில் விற்பதும் சர்வீஸ் சீட்டு எழுதுவதும் என் வேலை. தட்டி போட்டு மறைத்த பின் அறையில் பழுது பார்க்க இரண்டு பேர். ஒருவர் தவுக்கேயின் மச்சான். இன்னொருவர் அக்கா.

என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. பெட்டியைத் திறப்பதற்கு முன் அந்தச் சங்கிலியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார். அது உள்ளே தொங்கி எதையாவது தொட்டுவிட்டால், பழுது மிஷினுடையதா தன்னுடையதா என்று தெரியாமல் போய்விடுமாம்.

எங்கள் சர்வீஸ் சீட்டில் மூன்று கட்டங்கள் இருக்கும்: பழுது என்ன, காரணம் என்ன, செய்த வேலை என்ன. நடுக் கட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மச்சான் அங்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். வாடிக்கையாளர் கேட்டால் நான் வாய்க்கு வந்த எதையாவது எழுதி நிரப்புவேன். அக்காவின் சீட்டில் மட்டும் அந்தக் கட்டம் நிரம்பி, எழுத்து பொடியாகி, ஓரத்தில் திரும்பிப் பின்பக்கம்வரை போகும்.

ஒருமுறை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் போட்டால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றார். எங்கள் மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டதும் மெனு பளிச்சென்று வந்துவிட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

"ஓகே லா, பயணம் பண்ணதுல சரியாயிடுச்சு போல. நான் கொண்டு போறேன்" என்றார்.

அக்கா பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார். "இங்க வருது. உங்க வீட்டுல ஏன் வரல?"

"அதான் இப்ப வருதே!"

"அதான் எனக்குப் பிடிக்கல."

மூன்று நாள் வைத்துக்கொண்டார். ஏஜென்ட் போனில் கத்தினார், நேரில் வந்து கத்தினார். வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் நான். மூன்று நாளும் மிஷின் ஒருதடவைகூடத் தவறவில்லை. நான்காம் நாள், வேறு வழியில்லாமல் அக்கா அந்த மிஷினோடு அவர் வீட்டுக்கே போனார். அங்கே மேசை சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. இடம் பத்தாமல் திரையின் கேபிள் மடங்கி, பின்பக்கத்தில் திரைக்குப் படம் அனுப்பும் கார்டை மெல்ல மெல்ல மேலே நெம்பியிருக்கிறது. எங்கள் கடைக்குத் தூக்கி வந்த வழியில் அதுவே குலுங்கி உட்கார்ந்துகொண்டது. அக்கா மேசையை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் வேலை. அதோடு விட்டாரா? மேசையைத் திரும்பச் சுவரோடு தள்ளி, கார்டு கிளம்பித் திரை இருண்டு போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மறுபடி இழுத்துப் போட்டிருக்கிறார். ஏஜென்டின் மனைவி பயந்துபோய் ஏஜென்டின் ஆபிசுக்கு போன் பண்ணினாராம்.

சரியான மிஷினைக் கெடுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் தவுக்கேவுக்குத் தாங்காது. "நீ பழுது பார்க்கிறவளா, பழுது பண்ணுகிறவளா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். அக்கா அசையமாட்டார். தான் நினைத்த காரணத்தால் மறுபடி கெட வேண்டும், அதை எடுத்தால் மறுபடி சரியாக வேண்டும். இரண்டும் நடந்தால்தான் சீட்டின் நடுக் கட்டத்தில் பேனா இறங்கும்.

இது கம்ப்யூட்டரோடு வந்த பழக்கமில்லை. எழுபதுகளில் அவர் ஜூரோங் பக்கம் ஒரு டிவி தொழிற்சாலையில் இருந்தார். வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு டிவியையும் போட்டுப் படம் வருகிறதா என்று பார்க்கும் வேலை. சில பெட்டிகள் முதலில் இருண்டிருக்கும், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் படம் வந்துவிடும். மற்றப் பெண்கள் தட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். வரிசை நின்று நின்று போயிருக்கிறது. சூப்பர்வைசர் வந்து, "படம் வருதுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்க, "நம்ம தட்டினோம், வந்துச்சு. வாங்கிட்டுப் போறவங்களும் தட்டிக்கிட்டே இருப்பாங்களா?" என்றிருக்கிறார். தண்டனையாக அவரைப் பழுதுப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். "நான் கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருக்க மாட்டாங்க தம்பி" என்று சிரிப்பார். எண்பதுகளில் அந்த வரிசையை மூடியபோது, கையில் பழுதுத் தொழிலோடு எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தார்.

இதுவரைக்கும் சொன்னதில் சிரிக்க இடமிருக்கிறது. நானும் அவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடும்போது அவர் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லும்வரை.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஆங் மோ கியோவில் மூவறை வீடு. பிள்ளைகள் இல்லை. நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஒரு வருஷம் திடீரென்று அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். சாமியார், விடும்மா, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றாராம். அதைக் கேட்டதும்தான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தினம் கேட்டேன் தம்பி. காலையில கேட்டேன், சாப்பாடு போடும்போது கேட்டேன். எட்டு மாசம். என்னா ஆச்சு, ஏன் இப்படி இருக்கீங்க, யாரு என்னா சொன்னா. ஒருநாள் எந்திரிச்சு நின்னு, ‘நான் மிஷின் இல்ல, என்னைக் கழட்டிப் பாக்காத’ன்னாரு. பையை எடுத்துக்கிட்டு சுவா சூ காங்ல அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரு."

சுவா சூ காங் அப்போது பெரும்பாலும் தோட்டமும், கம்பம் என்று சொல்லும் கிராமத்து வீடுகளும்தான். பஸ் பிடித்துப் போய் வரவே பாதி நாள் ஆகும்.

"அப்புறம் வரவே இல்லையா?" என்று கேட்டேன்.

அக்கா கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். "வந்தாரு. ஒரு மாசம் கழிச்சு. அதே பையோட வாசல்ல நின்னாரு. நான் கதவைத் திறந்துட்டு…" கரண்டியைக் கீழே வைத்தார். "‘ஏன் வந்தீங்க?’ன்னு கேட்டுட்டேன்."

நான் சாப்பிடுவதை விட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் கேட்டது வேற தம்பி. எது சரியாச்சு, எதனால வந்தீங்கன்னு கேட்டேன். அவருக்கு அப்படிக் கேக்கல. திரும்பி லிஃப்ட் பக்கம் நடந்துட்டாரு."

அன்றைக்குப் பிறகு அவர் பின் அறையிலிருந்து "ஏன் வந்துச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவது நின்றுவிட்டது.

தஞ்சோங் பகார் விவகாரம் இதற்கு அடுத்த ஆண்டு நடந்தது. துறைமுகத்தை ஒட்டிய அந்த இடத்தில், கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, சோப்பு, கயிறு ஏற்றி அனுப்பும் ஒரு கம்பெனிக்கு நான் ஒரு கம்ப்யூட்டர் விற்றிருந்தேன். அது நன்றாக ஓடினால் இன்னும் மூன்று வாங்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மேனேஜர் தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும், கம்ப்யூட்டர் கொஞ்சம் படித்தவர். சுவிட்ச் போட்டதும் வரும் மெனுவை அவரே எழுதியிருந்தார். ‘ஒன்று: கப்பல் பட்டியல், இரண்டு: சாமான் பட்டியல்’ என்று ஏழெட்டு வரிகள். வண்ணங்களும் அவர் போட்டவைதான். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

அதில் தினமும் வேலை செய்தவர் ஒரு பெரியவர். அந்தக் கம்பெனியின் கிராணி, அதாவது குமாஸ்தா. முப்பது வருஷமாகச் சாமான் பட்டியலைக் கையால் எழுதியவர். ஓய்வு பெற இன்னும் ஒன்றோ இரண்டோ வருஷம்.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த மெனு வரவில்லை. திரை கறுப்பு. மிஷினையும் மானிட்டரையும் கடைக்குக் கொண்டுவந்தார்கள். மச்சான் கடையில் கிடந்த வேறு கார்டையும் திரையையும் மாட்டி, செட்டப் என்று சொல்லும் பக்கத்துக்குள் போய் எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைத்தார். மெனு வந்துவிட்டது. எதனால் வந்தது என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு புது மானிட்டரை அவர்கள் தலையில் கட்டினேன். சீட்டில் ‘மானிட்டர் பழுது’ என்று எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் கறுப்பு. மச்சான் போய் அதையே செய்துவிட்டு, அந்தச் செட்டப்பை மறக்காமல் வைத்திருக்கும் பேட்டரியை மாற்றிவிட்டு வந்தார். நான் ‘பேட்டரி பழுது’ என்று எழுதினேன்.

மூன்றாவது திங்கட்கிழமை மேனேஜரின் போன். "மெனு வரலன்னு சொன்னா கப்பல் நிக்குமா? பன்னண்டு மணிக்குள்ள லிஸ்ட் வரணும். இல்லன்னா உங்க மிஷினை நானே உங்க கடை வாசல்ல கொண்டாந்து வச்சிடுவேன்!"

தவுக்கே பின் அறையைப் பார்த்தார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா ஏற்கெனவே பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு கார்டு, பச்சை எழுத்து மட்டும் காட்டும் ஒரு சின்ன மானிட்டர். பழைய சீட்டுகள் இரண்டையும் என்னிடம் கேட்டு வாங்கிப் படித்தார். "இதெல்லாம் நீ எழுதினதா?" என்றார். ஆமாம் என்றேன். "நீயும் வா."

அந்த ஆபிசில் எல்லார் முகமும் இறுகிக் கிடந்தது. பெரியவர் ஒரு மூலையில் உட்கார்ந்து கையால் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். மேனேஜர் எங்களிடம், அவருக்கும் கேட்கும்படியாக, "எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு. சனிக்கெழம அரைநாள் இவரு மட்டும்தான் இங்க இருக்காரு. திங்கக்கெழம வந்தா மிஷின் செத்துக் கிடக்கு. இவருக்குப் பேனாவ விட மனசில்ல" என்றார். பெரியவர் எழுதுவதை நிறுத்தவில்லை. காது மட்டும் சிவந்துபோனது.

அக்கா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டார். மின்விசிறி சுற்றியது. திரை கறுப்பு. பிறகு மிஷின் கத்தியது: பீ…ப், பிப், பிப்.

"ஒரு நெடில், ரெண்டு குறில்" என்றார் அக்கா. "உசிரோடதான் இருக்கு. திரைக்குப் படம் அனுப்புற கார்டைக் காணோங்குது."

அந்தக் காலத்தில் திரை இரண்டு வகை: ஒரே நிறத்தில் காட்டுவது, பல நிறத்தில் காட்டுவது. இரண்டுக்கும் கார்டு வேறு. எந்தக் கார்டு போட்டிருக்கிறது என்று செட்டப் பக்கத்தில் சொல்லி வைக்க வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டால் மிஷின் இல்லாத கார்டோடு பேசிக்கொண்டிருக்கும், இருக்கிற திரை இருண்டே கிடக்கும். திரை இருண்டிருப்பதால் செட்டப் பக்கத்தைப் பார்த்துத் திருத்தவும் முடியாது.

அக்கா பெட்டியைத் திறந்து தன் ஒற்றை நிறக் கார்டைச் செருகி, சின்ன மானிட்டரை மாட்டினார். செட்டப் பக்கம் பச்சை எழுத்தில் வந்தது. திரை வகை என்ற இடத்தில் ‘ஒற்றை நிறம்’ என்றிருந்தது. நான் உடனே, "பேட்டரி மறுபடி மறந்திடுச்சு போலக்கா" என்றேன்.

அவர் விரலால் மேல் வரியைக் காட்டினார். "மணி என்னா போட்டிருக்கு?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிஷம் பிசகாமல் இருந்தது.

"தேதியும் சரி. டிஸ்க் விவரமும் சரி. பேட்டரி மறந்தா எல்லாத்தையும் மறந்திருக்கும். இங்க ஒண்ணே ஒண்ணுதான் மாறியிருக்கு. இது மறக்கல தம்பி. யாரோ மாத்தியிருக்காங்க."

கடைசி வாக்கியத்தை என் காதுக்கு மட்டும் சொன்னார். மேனேஜர் அப்போது போனில் இருந்தார். அக்கா அந்த வரியைத் திருத்தி, தன் கார்டைக் கழற்றி, வண்ணத் திரையை மாட்டினார். மெனு பச்சையும் சிவப்புமாக வந்தது. மணி பத்தரை.

நான் கிளம்பத் தயாரானேன். அக்கா நகரவில்லை. பெரியவரிடம் போய், "ஐயா, வந்து லிஸ்ட்டை அடிங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

பெரியவர் வந்து உட்கார்ந்தார். திரைக்கு ரொம்பக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். ஒரு கையால் ஜன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலைத் திரையின் மேல் விளிம்பில் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழே இறக்கினார். அவர் மெனுவைப் படிக்கவில்லை, வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கே அது தெரிந்தது.

இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். யார் மாற்றியது, எப்போது, ஏன் என்று அக்கா வரிசையாகக் கேட்பார், பெரியவர் வியர்ப்பார், மேனேஜர் திரும்பிப் பார்ப்பார்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் பெரியவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றுமே கேட்கவில்லை. அவருடைய உதடு இரண்டு முறை அசைந்து மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். கீழே கோப்பிக்கடையிலிருந்து யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா ஒரு குவளையைப் பெரியவர் பக்கம் நகர்த்தினார். அவரும் குடித்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்கு ஒரு மணி நேரம் போலிருந்தது.

பெரியவர் திரையைப் பார்த்தபடியே பேசினார். "எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும்மா. சின்ன வயசுலேர்ந்தே. இங்க யாருக்கும் தெரியாது."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"கூட்டாளி ஒருத்தன் வேற ஆபிசுல இருக்கான். அவன் மிஷின்ல ஒரே கலரு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. செட்டப்புல போயி ஒத்த நெறம்னு மாத்து, இதுவும் அப்படி வரும்னான். சனிக்கெழம யாரும் இல்லாதப்ப மாத்துனேன். இருண்டு போச்சு. பயந்துட்டேன். ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அப்புறம் ஏங்க மறுபடி மாத்துனீங்க?" அடக்க முடியாமல் கேட்டது நான்தான்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. "நீங்கதானே தம்பி சீட்டுல எழுதுனீங்க, மானிட்டர் பழுதுன்னு. அப்ப நான் மாத்துனதால இல்லன்னு நெனச்சேன். புது மானிட்டர் வந்திருக்கேன்னு திரும்ப மாத்திப் பாத்தேன். அடுத்த வாரம் பேட்டரின்னு எழுதுனீங்க. சரி, அதான் போலன்னு…"

அக்கா என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பழுதான ஒரு பாகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் எழுதிய இரண்டு வார்த்தைகளை ஒரு மனிதர் நம்பியிருக்கிறார். மூன்று வாரமாக அந்த மூலையில் காது சிவக்க உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தெரியலன்னு எழுதியிருக்கலாம்ல தம்பி?" என்றார் அக்கா மெதுவாக.

பிறகு மிஷின் பக்கம் திரும்பி, சுவிட்ச் போட்டதும் ஓடும் கோப்பைத் திறந்து, மெனுவுக்கு முன்னால், நிறம் வேண்டாம் என்று சொல்லும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். மிஷினை அணைத்துத் திரும்பப் போட்டார். நிறமெல்லாம் போய், கறுப்பில் வெள்ளையாக மெனு வந்தது. பெரியவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்தார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மேனேஜர் வந்தார்.

"என் கலரெல்லாம் எங்க?"

அக்கா சீட்டை எடுத்து நடுக் கட்டத்தில் எழுதத் தொடங்கினார். ‘மெனுவின் நிறங்கள் படிக்க முடியாதவை. அதைச் சரிசெய்ய முயன்றதில் திரை வகை மாறியது. கடை இரண்டு முறை தவறான காரணம் எழுதியது.’ எழுதியதை மேனேஜரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு, "யாரு மாத்துனது?" என்றார்.

"யாருன்னு எழுத இதுல கட்டம் இல்ல சார்" என்றார் அக்கா.

அப்போது நான் வாயைத் திறக்காவிட்டால் பிறகு எப்போதுமே திறக்க முடியாது என்று தோன்றியது. "சார், மானிட்டர் பழுதில்ல. பேட்டரியும் பழுதில்ல. தெரியாம நான்தான் அப்படி எழுதிட்டேன். அதனாலதான் மூணு வாரம் இழுத்துடுச்சு" என்றேன்.

பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "மாத்துனது நான் சார்" என்றார். காரணத்தையும் சொன்னார்.

மேனேஜர் சீட்டைப் பார்த்தார், மெனுவைப் பார்த்தார். நல்ல வார்த்தை எதுவும் அவர் சொல்லவில்லை. "முப்பது வருசமா ஒருத்தருக்கும் சொல்லாமயே இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "லிஸ்ட்டை அடிங்க, மணி ஆவுது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு முன்னால் பட்டியல் தயாரானது. வண்ணங்களைத் திரும்பப் போடச் சொல்லி அவர் எங்களைக் கூப்பிடவே இல்லை. பெரியவர் தன் காலம் முடியும்வரை அந்த மேசையில்தான் இருந்தார். மூன்று கம்ப்யூட்டர்களை மட்டும் வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சின்ன மானிட்டர் என் மடியில். அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அவங்களோட பழைய மானிட்டர் ஸ்டோர்ல இருக்கு. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, புதுசைத் திருப்பி வாங்கிட்டு வந்துடு" என்றார்.

"தவுக்கே கத்துவாரு."

"கத்தட்டும். நீ எழுதினதுதானே."

சரி என்றேன். மறுநாள் கொண்டுபோனேன். தவுக்கே ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, காரணம் தெரியாத சீட்டுகளில் ‘தெரியவில்லை’ என்றே எழுதினேன்.

பஸ் எங்கள் நிறுத்தத்தை நெருங்கியபோது அக்கா, "நாளைக்கு எனக்கு லீவு சொல்லிடு. சுவா சூ காங் போறேன்" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "என்னாக்கா கேக்கப் போறீங்க?"

"ஒண்ணும் கேக்கல. சும்மா பக்கத்துல உக்காந்துட்டு வரப்போறேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை போனார். அடுத்த வாரமும் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நேரே அங்கே போய், சாயங்காலம்வரை இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டபோது, "மீன் தொட்டி ஒண்ணு வச்சிருக்காரு. அதைப் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஆங் மோ கியோவில்தான் நானும் இருந்தேன், நான்கு புளோக் தள்ளி. கையில் ஒரு கேக் பெட்டியோடு மாடி ஏறி மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் அக்கா இல்லை. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்ட, காய்ப்பேறிய கைகள் உடைய ஒருவர். புறங்கையெல்லாம் மாவு.

"வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றார். "அவ அடுப்படியில இருக்கா."